லேடெக்ஸ் வேக்குவம் பேக்: முதல் பேகை நீங்களே செய்ய ஒரு வழிகாட்டி

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் ஃபைபர் பாகங்கள் செய்கிற சின்ன ஷெட்கள் நிறைய. கையால் ரெசின் பூசும் ஹேண்ட் லே-அப்பை விட்டு, ஃபைபர் மேல் காற்றுப் புகாத பேக் மூடி வேக்குவத்தால் ரெசினை உள்ளே இழுக்கும் இன்ஃப்யூஷனுக்கு மாறியவர்களிடம் பேசிப் பாருங்கள், புலம்பல் ஒன்றாகத்தான் இருக்கும். ரெசின் ஓட இருபது நிமிஷம், பேக் போட இரண்டு மணி நேரம். நைலான் ஃபிலிமை வெட்டி, சீலன்ட் டேப் ஒட்டி, மூலைக்கு மூலை மடிப்பு வைத்து, லீக் தேடி, கடைசியில் பாகம் கழன்றதும் அத்தனையையும் சுருட்டிக் குப்பையில் போடுகிறோம். அடுத்த பாகத்துக்கு மறுபடி முதலிலிருந்து.

அந்த இரண்டு மணி நேரத்தைக் குறைக்கத்தான் திரும்பத் திரும்பப் பயன்படும் பேக். சிலிக்கானிலும் செய்யலாம், இயற்கை ரப்பர் பாலான லேடெக்ஸிலும் செய்யலாம். இங்கே லேடெக்ஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஆம்பூர் பக்கமிருந்து வந்து இங்கே ஷெட் போட்டிருக்கும் நம் ஆட்கள் பலர் கேட்கும் கேள்விகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இன்ஃப்யூஷன் ஒன்றிரண்டு முறையாவது செய்து பார்த்தவர் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த பேகை நீங்கள் போட்டுத் தூக்கி எறியும் கன்ஸ்யூமபிள் கணக்கில் எழுதினால் அது சீக்கிரம் செத்துவிடும். மோல்டுக்கு மேல் மூடுகிற இன்னொரு மோல்டு என்று கணக்கு வையுங்கள். கீழே வரும் வேலைகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

எந்த வேலைக்கு, எந்த வேலைக்கு வேண்டாம்

ஒரே மோல்டில் முப்பது, நாற்பது பாகம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் லேடெக்ஸ் பேக் யோசிக்கலாம். நாலைந்து பாகத்தோடு முடிகிற வேலைக்கு நைலான் ஃபிலிமே போதும். பேக் செய்யவே ஒரு வாரமாவது ஆகும், அந்த நேரத்தில் பாகங்களை முடித்துக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது சூடு. இயற்கை ரப்பருக்கு 70 டிகிரி செல்சியஸ் வரை பயமில்லை. அதற்கு மேல் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். 120 டிகிரியில் வேகவைக்கிற ப்ரீப்ரெக் (முன்பே ரெசின் ஊறிய ஃபைபர் துணி) வேலைக்கு லேடெக்ஸ் பக்கமே வராதீர்கள், அங்கே சிலிக்கான்தான். சாதாரணச் சூட்டில் இறுகும் பாலியஸ்டர், வினைல் எஸ்டர், எபாக்ஸி வேலைகளுக்கு லேடெக்ஸ் நன்றாகவே பொருந்தும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சிலிக்கானே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். விலை ஒரு காரணம். இன்னொரு காரணம் பெயின்ட். சிலிக்கானின் சிறு எச்சம் பாகத்தின் மேல் தங்கினாலும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும், பசையும் சரியாகப் பிடிக்காது. லேடெக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அதோடு லேடெக்ஸ் பல மடங்கு நீளும், ஆழமான மூலைக்குள் தானாக இறங்கி உட்காரும். ஒரே ஷெட்டில் இரண்டும் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளாட்டினம் வகை சிலிக்கான் பக்கத்தில் லேடெக்ஸ் கையுறைகூடப் போகக் கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் பட்டால் அந்த சிலிக்கான் இறுகாமல் பிசுபிசு என்று நின்றுவிடும்.

கேஜ் 760 காட்டாது

சென்னையிலிருந்து வருகிறவர்கள் இங்கே முதல் வாரம் கேட்கிற கேள்வி இது: "அண்ணே, பம்ப் போயிடுச்சு போல. 680-க்கு மேல ஏற மாட்டேங்குது."

பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1013 மில்லிபார், அதாவது 760 எம்.எம். பாதரசம். இங்கே அது சுமார் 910 மில்லிபார், 680 சொச்சம் எம்.எம். முள் கேஜ் வெளிக் காற்றுக்கும் பேகின் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். வெளியே இருப்பதே 680 என்றால் அதற்கு மேல் எப்படி ஏறும்?

இதனால் நடைமுறையில் இரண்டு விளைவுகள். ஒன்று, பேக் பாகத்தை அழுத்தும் பலம் இங்கே சதுர மீட்டருக்கு 9 டன் சொச்சம், சென்னையில் 10 டன்னுக்கு மேல். இதை ஈடுகட்ட வழியில்லை, அதனால் கவலைப்பட்டும் பயனில்லை. இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. சென்னையில் எழுதிய வேலைத்தாளில் "650 எம்.எம். வையுங்கள்" என்று இருந்தால், அங்கே உள்ளே மிச்சம் இருக்கிற அழுத்தம் 110 எம்.எம். இங்கே அதே 650 வைத்தால் மிச்சம் 30, 35 தான். பாலியஸ்டரில் கலந்துள்ள ஸ்டைரீன் என்ற திரவம் எந்த அழுத்தத்தில் கொதித்துக் குமிழி விடும் என்பதை இந்த மிச்சம்தான் தீர்மானிக்கிறது, முள் காட்டுகிற எண்ணுக்கு அதில் வேலை இல்லை. ஆகவே முள் கேஜ் பம்பில் இருக்கட்டும், மோல்டு பக்கத்துக்கு மில்லிபாரில் மிச்ச அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்குங்கள். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

லேடெக்ஸ் வாங்கும்போது

தமிழ்நாட்டில் ரப்பர் தோட்டம் என்றால் குமரி மாவட்டம்தான். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்தும் கேரளாவிலிருந்தும் கேனில் லேடெக்ஸ் வருகிறது. கேட்கும்போது வெறும் "60 சதவீத லேடெக்ஸ்" என்று கேட்காதீர்கள். அது மரத்துப் பாலை மெஷினில் சுற்றிக் கெட்டியாக்கியது, கந்தகம் சேராதது. காய்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது, இழுத்தால் திரும்பி வரும் பலமும் போதாது. உங்களுக்கு வேண்டியது ப்ரீ-வல்கனைஸ்டு லேடெக்ஸ். கந்தகமும் மற்ற மருந்துகளும் சேர்த்து முன்கூட்டியே பக்குவப்படுத்தியது, பலூன், கையுறை செய்கிறவர்கள் பயன்படுத்துவது.

எவ்வளவு வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள பேட்டரி மூடி ஒன்று என்று வையுங்கள். அடிப்பாகம், நான்கு பக்கச் சுவர், சுற்றிலும் 15 சென்டிமீட்டர் விளிம்பு எல்லாம் சேர்த்தால் பேகின் பரப்பு சுமார் 1.65 சதுர மீட்டர். காய்ந்த கனம் 2 மில்லிமீட்டர் என்றால் 3.3 லிட்டர் ரப்பர், எடையில் 3 கிலோ. 60 சதவீத லேடெக்ஸில் அது 5 கிலோ. பிரஷ்ஷில் காய்வது, சிந்துவது, பின்னால் ஒட்டுப் போட வேண்டியது என்று சேர்த்து 7 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும்.

கேனைத் திறந்ததும் கண் எரிகிறதே என்று பயப்பட வேண்டாம், பால் திரியாமல் இருக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள். ஷட்டரைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், முகத்தைக் கேன் வாயில் கொண்டுபோகாதீர்கள். மூடியைத் திறந்து போட்டால் அம்மோனியா பறந்துவிடும், பாலும் கட்டிதட்டும். சிலருக்கு லேடெக்ஸ் புரதம் ஒத்துக்கொள்ளாது, தோல் தடிக்கும், மூச்சு இழுக்கும். அப்படிப்பட்டவரை இந்த வேலையில் நிறுத்தாதீர்கள். மற்றவர்களுக்கும் நைட்ரைல் கையுறை கொடுங்கள்.

முழு பேக் செய்வதற்கு முன் உள்ளங்கை அளவு ஒரு துண்டு பூசிக் காயவைத்து, நீங்கள் பயன்படுத்தும் ரெசினை அதன் மேல் இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் சேர்த்து ஊற்றிப் பாருங்கள். ரப்பரைத் தொட்ட பக்கத்தில் ரெசின் சரியாக இறுகுகிறதா, ரப்பர் உப்புகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சில ரப்பர் மருந்துகள் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். அதை முழுப் பாகத்தில் கண்டுபிடிக்க வேண்டாம்.

டம்மியும் விளிம்பும்

பேக் எந்த வடிவத்தில் உட்கார வேண்டுமோ அந்த வடிவம் மோல்டுக்குள் இருக்க வேண்டும். இதற்கு எளிய வழி, முதல் பாகத்தைப் பழைய முறையில் நைலான் ஃபிலிமில் செய்து, அதை மோல்டிலேயே விட்டுவிடுவது, இதுதான் டம்மி. அதன் மேல் பீல் பிளை (பின்னால் உரித்தெடுக்கும் துணி), ஃப்ளோ மெஷ் (ரெசின் பரவ வைக்கும் வலை) எவ்வளவு கனம் வருமோ அவ்வளவு கனத்துக்கு ஏதாவது பரப்பிக்கொள்ளுங்கள். பிறகு மேல்பரப்பு முழுவதும் பிரவுன் பேக்கிங் டேப்பைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டிவிடுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் லேடெக்ஸ் பிடிப்பு வைக்காது, காய்ந்ததும் உரித்தால் வந்துவிடும். மோல்டு விளிம்பில் வாக்ஸ் போட்டிருந்தால் நன்றாகத் துடைத்துப் பளபளப்பாக்குங்கள், அதிக வாக்ஸ் இருந்தால் லேடெக்ஸ் திவலை திவலையாக விலகும். கிரீஸ், எண்ணெய் எதுவும் கிட்டவே வரக் கூடாது. ரப்பருக்கு எண்ணெய் விஷம்.

விளிம்பில் கொஞ்சம் நின்று வேலை பாருங்கள். என் அனுபவத்தில் பேக் சரியில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடுப்பகுதியில் ஒரு குறையும் இருக்காது, விளிம்புதான் காற்று விடும். சீலன்ட் டேப் இல்லாமல் இந்த பேக் ஒட்டுவது விளிம்பில் உள்ள ஒரு வாய்க்கால் மூலம். அந்த வாய்க்காலில் தனியாக வேக்குவம் இழுத்தால் விளிம்பு மோல்டோடு அழுந்திப் பிடித்துக்கொள்ளும். பாகத்தின் உள்ளே இழுப்பது வேறு லைன்.

வாய்க்கால் செய்ய, பாகம் முடிகிற இடத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, விளிம்பைச் சுற்றி 10 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள மரச் சட்டத்தையோ பீடிங்கையோ டபுள் டேப்பில் ஒட்டுங்கள். அதன் இரண்டு பக்க அடியிலும் மாடலிங் களிமண் வைத்து விரலால் வழித்துச் சரிவாக்குங்கள். கூரான மூலையில் லேடெக்ஸ் மெலிந்துபோய் முதலில் கிழிவது அங்கேதான். சட்டத்துக்கு வெளியே குறைந்தது 6, 7 சென்டிமீட்டர் தட்டையான இடம் இருக்க வேண்டும். உங்கள் மோல்டின் விளிம்பு மொத்தமே 8 சென்டிமீட்டர்தான் என்றால் முதலில் அதை அகலப்படுத்துங்கள், பேக் வேலை பிறகு. விளிம்பில் கீறல், பழைய ரெசின் பொட்டு இருந்தால் தேய்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

குழாய் நுழைகிற இடங்கள் மூன்று: ரெசின் உள்ளே வர, பாகத்திலிருந்து வேக்குவம் இழுக்க, வாய்க்காலில் வேக்குவம் இழுக்க. ஒவ்வொன்றுக்கும் 12 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் பைப் துண்டை நிமிர்த்தி நிற்கவைத்து, அதைச் சுற்றி லேடெக்ஸ் பூசினால் ஒரு கழுத்து உண்டாகும். பின்னால் அதில் குழாயைச் செருகி கேபிள் டையால் இறுக்கலாம். பித்தளை நிப்பிள் போட்டு அழகாகச் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். செம்பும் மாங்கனீசும் இயற்கை ரப்பரைக் கெடுக்கும், பித்தளையில் செம்பு இருக்கிறது. பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும்.

பூசுவது

லேடெக்ஸைக் குலுக்காதீர்கள், நுரை வந்தால் ஒவ்வொரு குமிழியும் நாளைக்கு ஓர் ஓட்டை. மெதுவாகக் கலக்கி, நைலான் துணியில் வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ஊற்றி அரை மணி நேரம் சும்மா விடுங்கள். நல்ல மென்மையான 2 இஞ்ச் பிரஷ் எடுங்கள். பிரஷ்ஷை முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டால் லேடெக்ஸ் முடியில் காய்ந்து பிடிக்காது.

முதல் கோட் மிக மெல்லியதாக. டம்மியைத் தொடுகிற இந்தப் பக்கம்தான் பேகின் உள்முகம், பாகத்தைத் தொடப்போவதும் இதுதான். ஒரே திசையில் இழுங்கள், பூசின இடத்தில் திரும்பத் திரும்பப் பிரஷ் ஓட்டாதீர்கள், பாதி காய்ந்த பால் சுருண்டு உருண்டையாகும். பூசும்போது பால் வெள்ளை. காயக் காய ஓரத்திலிருந்து வெள்ளை மறைந்து தேன் நிறத்தில் கண்ணாடி போலாகும். உள்மூலைகளில்தான் வெள்ளை கடைசிவரை நிற்கும், அதைக் குனிந்து பாருங்கள். ஒரு பொட்டு வெள்ளை இருந்தாலும் அடுத்த கோட் வேண்டாம். உள்ளே தண்ணீர் அடைபட்டால் அந்த இடம் பல நாள் காயாது, பலமும் வராது.

இப்படி எட்டு கோட். ஒவ்வொன்றும் காய்ந்தபின் கால் மில்லிமீட்டர் வரும். பிப்ரவரி, மார்ச்சில் ஃபேன் போட்டால் ஒரு கோட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். ஜூலை, ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டால் நாளுக்கு இரண்டு கோட் போட்டாலே பெரிய விஷயம். அவசரப்பட்டு வெயிலில் தூக்கி வைக்காதீர்கள், மேல் தோல் மட்டும் காய்ந்து கீழே பால் அப்படியே இருக்கும், வெயிலின் புற ஊதாக் கதிரும் ரப்பருக்கு ஆகாது. இரவு விட்டு மறுநாள் தொடர்வதானால் ஈரத் துணியால் தூசியைத் துடைத்துவிட்டு அடுத்த கோட் போடுங்கள்.

நாலாவது கோட் ஈரமாக இருக்கும்போது துணி வைக்க வேண்டும். நீளும் துணியாக இருக்க வேண்டும், நம் திருப்பூர் பனியன் துணியை விட இதற்கு நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாயம் போடாத பழைய பனியனைத் துவைத்துக் காயவைத்து, பட்டையாக வெட்டி, விளிம்பு முழுவதும், குழாய்க் கழுத்தைச் சுற்றி, வாய்க்காலின் இரண்டு ஓரத்திலும் பதியுங்கள். மேலேயே லேடெக்ஸ் பூசித் துணிக்குள் ஊறவிடுங்கள். பலமாக இருக்கட்டும் என்று பேக் முழுவதும் துணி வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் பேக் நீளாது, மூலைக்குள் இறங்காமல் பாலம் போட்டு நிற்கும். பேகுக்கும் ஃபைபருக்கும் நடுவே அங்கே ரெசின் தேங்கி, பாகத்தில் மொத்தையாக ஒரு ரெசின் மூலை கிடைக்கும். நீளுவதற்காகத்தானே லேடெக்ஸை எடுத்தோம்.

கடைகளில் ஸ்ப்ரே முறையும் வந்திருக்கிறது. துப்பாக்கியின் வாயிலேயே லேடெக்ஸோடு இன்னொரு திரவம் கலந்து, பட்டவுடன் திரிந்து பிடித்துக்கொள்ளும், ஒரே நாளில் கனம் ஏற்றலாம். பெரிய படகு, பஸ் கூரை அளவு வேலைக்கு அது சரி. முதல் பேக் பிரஷ்ஷில் செய்யுங்கள், ரப்பர் எப்படிக் காய்கிறது என்பது கைக்குப் பிடிபடும்.

உரிப்பது

கடைசிக் கோட் தேன் நிறமானதும் கை துறுதுறுக்கும். மூன்று நாள் விடுங்கள். தண்ணீர் முழுக்க வெளியேறாத ரப்பரை உரித்தால் காற்றில் சுருங்கி, மறுபடி மோல்டில் வைக்கும்போது மூலைக்கு எட்டாது. சூடான அறை இருந்தால் 50 டிகிரியில் சில மணி நேரம் வைப்பது நல்லது.

உரிப்பதற்கு முன் மேல்முகம் முழுவதும் டால்க் பவுடர் தூவுங்கள். உரிக்க உரிக்க உள்முகத்துக்கும் தூவிக்கொண்டே போங்கள். புது லேடெக்ஸ் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டால் பிரிப்பதற்குள் கிழிந்துவிடும். முழுக்க வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். புரதமும் உப்பும் சோப்பும் கரைந்து போகும், ரப்பர் தண்ணீர் உறிஞ்சுவது குறையும், கையுறைத் தொழிற்சாலைகளிலும் இதையேதான் செய்கிறார்கள். நிழலில் காயவைத்து மறுபடி பவுடர்.

இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கையால் கொஞ்சம் இழுத்து, சாண் சாணாகப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால் இழுக்கும்போது வாய் திறக்கும். பால்பாயின்ட் பேனாவில் வட்டம் போட வேண்டாம், மையில் எண்ணெய் இருக்கும். சாக்பீஸ் போதும்.

லீக் டெஸ்ட்

ஃபைபர் இல்லாமல், மோல்டில் டம்மியோடு பேகை விரித்துச் சோதியுங்கள். விளிம்பில் ஒட்டிய சட்டத்தை எடுத்துவிட்டு, வாய்க்காலுக்குள், எலெக்ட்ரிக்கல் கடையில் ஒயர் கட்ட விற்கும் ஸ்பைரல் ரேப்பைச் சுற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேக்குவம் இழுத்ததும் வாய்க்கால் அமுங்கி அடைத்துக்கொள்ளும். முதலில் வாய்க்காலில் வேக்குவம். விளிம்பைக் கையால் உள்ளிருந்து வெளியே நீவிவிடுங்கள், கவ்விப் பிடிப்பது விரலுக்குத் தெரியும். பிறகு உள்லைன். மிச்ச அழுத்தம் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு போகட்டும். பம்ப் பக்கத்து வால்வை மூடி, 10 நிமிஷம் டிஜிட்டல் கேஜைப் பாருங்கள்.

பேகுக்கும் பம்புக்கும் நடுவே மிச்ச ரெசினைப் பிடிக்கும் 10 லிட்டர் கேட்ச் பாட்டையும் சேர்த்து அளக்கும்போது, 10 நிமிஷத்தில் 10 மில்லிபாருக்குள் ஏறினால் நான் அந்த பேகை வேலைக்கு எடுப்பேன். பாட்டைச் சேர்த்து என்று சொல்வதைக் கவனியுங்கள். அதே பேக், அதே லீக், ஆனால் வால்வை பேகை ஒட்டி மூடினால் ஏற்றம் பல மடங்கு தெரியும், உள்ளே வரும் காற்று பரவ இடம் குறைவு என்பதால். ஆகவே எந்த வால்வை மூடி அளந்தீர்கள் என்பதை எழுதிவையுங்கள், ஒவ்வொரு முறையும் அதையே மூடுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியாது.

ஏற்றம் சுத்தமாக பூஜ்யமாக வராது. இயற்கை ரப்பர் வழியே காற்று மெல்லக் கசியும், வண்டி ட்யூபை பியூட்டைல் ரப்பரில் செய்யத் தொடங்கியதே அதனால்தான். ஒன்றிரண்டு மில்லிபாருக்காகப் பகலெல்லாம் ஓட்டை தேடுவது வீண். எண் வேகமாக ஏறினால் மட்டும் தேடுங்கள். எப்படித் தேடுவது? பஞ்சர் கடைபோல சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி வராது, இங்கே காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. ஊற்றின தண்ணீர்தான் உள்ளே போகும். ஒரு மெல்லிய குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை விளிம்போரமாகவும் கழுத்துகளைச் சுற்றியும் மெதுவாக நகர்த்துங்கள். உஸ் என்ற சத்தம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இதற்குக் கம்ப்ரெசரை நிறுத்திவிட வேண்டும், பக்கத்து ஷெட்டின் பிரஸ் ஓடாத மதிய சாப்பாட்டு நேரம் இன்னும் நல்லது.

பாகம் போடும் நாள்

மோல்டுக்கு ரிலீஸ் (பாகம் ஒட்டாமல் இருக்கப் பூசுவது), ஜெல்கோட் (பாகத்தின் மேல்பூச்சு), ஃபைபர் எல்லாம் வழக்கம்போலத்தான். அதன் மேல் பீல் பிளை, ஃப்ளோ மெஷ். ஆமாம், மெஷ்ஷும் பீல் பிளையும் இன்னும் வேண்டும். பேகிலேயே ரெசின் ஓடும் வாய்க்கால்களை வார்த்துவிட்டு மெஷ்ஷை ஒழிக்கலாம் என்று சொல்வார்கள். வில்லியம் சீமன் 1990-இல் வாங்கிய ஸ்கிரிம்ப் (ஒரு வகை வேக்குவம் இன்ஃப்யூஷன் முறை) காப்புரிமைக்குப் பிறகு அந்த வழியும் தேறிவிட்டதுதான். ஆனால் 2 மில்லிமீட்டர் மெல்லிய லேடெக்ஸில் அந்த வாய்க்கால்கள் வேக்குவத்தில் அமுங்கிவிடும். முதல் பேகில் அதற்கு ஆசைப்படாதீர்கள். மெஷ் பாகத்தின் விளிம்புக்கு 3 சென்டிமீட்டர் முன்பே நிற்கட்டும், இல்லையென்றால் ரெசின் நேராக வேக்குவம் லைனுக்கு ஓடிவிடும்.

மெஷ்ஷுக்கு மேல், பேகுக்குக் கீழே, மெல்லிய ரிலீஸ் ஃபிலிம் ஒன்று தளர்வாக விரித்தால் ஸ்டைரீன் நேராக ரப்பரில் படுவது குறையும். கொஞ்சம் செலவுதான், ஆனால் பாலியஸ்டரில் பேகின் ஆயுள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடும். எபாக்ஸிக்கு நான் இதைப் போடுவதில்லை.

பேகை விரிப்பது இரண்டு ஆள் வேலை. நடுவிலிருந்து தொடங்கி மூலைகளுக்கு. வாய்க்கால் வேக்குவம், நீவிவிடுதல், உள்லைன் மெதுவாக. பாதி வேக்குவத்தில் நிறுத்தி, ஒவ்வொரு உள்மூலையிலும் விரலால் அழுத்தி ரப்பரை உள்ளே தள்ளிவிட்டு, பிறகு முழுதாக இழுங்கள். மறுபடி 10 நிமிஷ டெஸ்ட். பழைய பேக்தானே, நேற்றுகூடச் சரியாக இருந்ததே என்று இதைத் தாண்டாதீர்கள். விளிம்பில் கிடக்கும் ஒரே ஒரு கண்ணாடி இழை போதும் காற்று விட.

ரெசின் கலக்கும்போது ஒன்று மட்டும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். புதுப் பையனிடம் இந்த வேலையைக் கொடுப்பதற்கு முன் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் இங்கே காலையில் ஷெட்டுக்குள் 16, 17 டிகிரிதான் இருக்கும். ரெசின் கெட்டியாக, மெதுவாக ஓடும். கேட்டலிஸ்ட்டைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். கூட்டினால் முதலில் தாமதித்துப் பிறகு ஒரேயடியாகச் சூடேறும், கனமான பாகத்தில் 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், பேக் அதற்குத்தான் பலியாகும். பத்தரை, பதினொன்று வரை காத்திருந்து போடுங்கள். ரெசின் முழுக்கப் பரவியதும் இன்லெட்டை மூடி, பாலியஸ்டராக இருந்தால் உள்லைன் வேக்குவத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வாய்க்கால் லைனை மட்டும் ஜெல் ஆகி ஆறும் வரை முழு வேக்குவத்தில் வைக்க வேண்டும். பாகத்தை மேற்கொண்டு சூட்டில் வைக்க வேண்டுமானால் பேகைக் கழற்றிய பிறகு.

கழற்றும்போது முதலில் வாய்க்காலில் காற்றை விடுங்கள். விளிம்பைத் தூக்கி, பேகைத் தன் மேலேயே மடித்து, மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். நேராக மேலே பிய்த்து எடுத்தால் கழுத்து கிழியும்.

வேலை முடிந்த பின்

ரப்பரில் ஒட்டியிருக்கும் இறுகிய ரெசினைச் சுரண்டாதீர்கள். அந்த இடத்தை இரண்டு கையால் இழுத்தால் படபடவென்று தெறித்து விழும். அசிட்டோன் வேண்டாம், தின்னர் வேண்டாம். சோப்புத் தண்ணீர், துணி, நிழல், பவுடர். அவ்வளவுதான். "அசிட்டோன் போட்டு ஒரு துடை துடைச்சா பளிச்சுன்னு ஆயிடும்ணே" என்று யாராவது கிளம்புவார்கள். டப்பாவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கும்போது மடிக்காதீர்கள், அகலமான பைப்பில் தளர்வாகச் சுருட்டுங்கள். மடிப்பில் ரப்பர் இழுபட்டு நிற்கும், அங்கேதான் ஓசோன் பட்டு விரிசல் விடும். வெல்டிங் செய்யும் இடத்திலும் ஓடும் மோட்டார் பக்கத்திலும் ஓசோன் உண்டாகும், ஆகவே பேக் இருக்கும் ரேக் அங்கிருந்து தள்ளி இருக்கட்டும். கறுப்பு பாலிதீன் சுற்றி, மூடிய டப்பாவுக்குள். டப்பா எதற்கு என்றால் எலி. இந்த ஊர் ஷெட் எலிகளுக்கு ரப்பர் மேல் என்ன பிரியமோ தெரியவில்லை.

ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவது சுலபம். இடத்தைக் கழுவிக் காயவைத்து, நைஸ் எமரி தாளில் லேசாகத் தேய்த்து, லேடெக்ஸ் தடவி, கண்ணாடித் தட்டில் முன்பே பூசிக் காயவைத்த மெல்லிய ரப்பர் துண்டை வைத்து அழுத்தி, மேலே இரண்டு கோட். ஒரு நாள் காய வேண்டும். ஒட்டு எப்போதும் வெளிமுகத்தில், உள்முகத்தில் போட்டால் அதன் தடம் ஒவ்வொரு பாகத்திலும் விழும்.

ஒவ்வொரு பேகுக்கும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, பாகம், 10 நிமிஷ டெஸ்ட்டின் எண், போட்ட ஒட்டு. இந்த பேக் எத்தனை பாகம் தாங்கும் என்று முதல் நாளே எண் சொல்பவரை நம்பாதீர்கள். ரெசின், வடிவம், கழற்றுகிறவரின் கை என்று பல விஷயங்களைப் பொறுத்தது அது. நோட்டைப் பார்த்தால் தெரியும். எண் பல வாரம் 4, 5 என்று இருந்து, பிறகு 7, 8 என்று நிலையாக ஏறத் தொடங்கி, ஒட்டுப் போட்டும் இறங்கவில்லை என்றால், ரப்பரே பழசாகிறது. அதோடு இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பாமல் தொளதொளப்பாக இருக்கிறதா, மேற்பரப்பு பிசுக்கென்று ஆகிறதா, அல்லது காய்ந்து நுண்ணிய விரிசல் தெரிகிறதா பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே அடுத்த பேகுக்கு லேடெக்ஸ் ஆர்டர் போட்டுவிட வேண்டும். வந்து சேர, பூச, காய என்று பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், ஆர்டர் நடுவில் பேக் போனால் மறுபடி நைலான் ஃபிலிமும் சீலன்ட் டேப்பும்தான். டம்மியை அதற்காகத்தான் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைக்கச் சொல்வது. பழைய பேகை எரிக்காதீர்கள், கந்தகப் புகை ஷெட்டையே நாறடிக்கும். நல்லதாக இருக்கும் பகுதியை வெட்டி டேபிள் மேல் விரித்தால் கிளாஸ் துணி வெட்டும்போது நழுவாமல் இருக்கும்.